ஓரங்குலமும் முழுச்சட்டகமும்: கேமராச் சொற்கள் பற்றிச் சில குறிப்புகள்

என்னுடைய கோப்புகளில் 'கேமரா: கலைச்சொற்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஆறேழு வருடமாகச் சேர்த்தது, மொத்தம் 140 சொற்கள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ். சில சொற்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தவை, சில நண்பர்கள் சொன்னவை, பாதிக்கு மேல் நானே உட்கார்ந்து காய்ச்சியவை. அந்தப் பட்டியலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. யார் கேட்டாலும் அனுப்பி வைப்பேன்.

அப்படி அனுப்பியதில் ஒரு பிரதி என் சித்தப்பா மகனுக்குப் போனது. சங்கரன்கோவில் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறான். பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, சடங்கு, நடுவில் ஒன்றிரண்டு கல்யாணம். பழைய கேமரா ரிப்பேராகி, செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்க வேண்டிய நிலை. கையில் 42,000 ரூபாய். அதுவும் வீட்டுச் சங்கிலியை அடகு வைத்து வந்த பணம். இரண்டு கேமரா ஒரே விலைக்கு வந்திருக்கிறது. ஒன்று லென்ஸ் கழற்றி மாட்டக்கூடியது, ஏபிஎஸ்-சி என்ற வகை. இன்னொன்று நீள ஜூம் கூடவே சேர்ந்து வருவது, லென்ஸை மாற்ற முடியாது. அவன் இரண்டாவதை வாங்கினான்.

ஏன் என்று பிறகு கேட்டேன். அவன் சொன்னது:

"நீங்கதானேண்ணே எழுதியிருக்கீங்க, பெரிய உணரி இருந்தா இருட்டுல நல்லா விழும்னு. அந்தக் கேமரா உணரி அகலம் 23.5 மி.மீ.ன்னு போட்டிருந்துச்சு. இது ஓரங்குல உணரி. ஓரங்குலம்னா 25.4 மி.மீ. ஸ்கேல வச்சே பாத்தேன். இதுதானே பெருசு?"

அவன் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. 'ஓரங்குல உணரி' என்பது என் பட்டியலில் 31வது சொல். நான் போட்டது.

அந்த உணரியின் உண்மையான அளவு 13.2 × 8.8 மி.மீ. அதன் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் கிடையாது. மூலைக்கு மூலை அளந்தாலும் 15.9 மி.மீ.தான் வரும். அங்குலம் எங்கே போனது?

1950களில் வந்த டிவி கேமராக்களில் இன்றைய சிப் கிடையாது. விடிகான் என்ற கண்ணாடிக் குழாய்தான் படத்தை வாங்கியது. அந்தக் குழாயின் வெளி விட்டத்தை வைத்து அதை 'ஒரு அங்குலக் குழாய்' என்றார்கள். கண்ணாடியின் தடிமன், ஓரத்தில் வீணாகும் இடம் எல்லாம் போக, படம் விழும் பகுதி மூலைக்கு மூலை 16 மி.மீ. சுமாருக்குத்தான் இருந்தது. பிறகு குழாய் போய் சிப் வந்தது. குழாயே இல்லாத கேமராவுக்கும் குழாயின் விட்டத்தையே அளவாகச் சொல்லும் பழக்கம் மட்டும் போகவில்லை. போன்களிலும் சின்னக் கேமராக்களிலும் 1/2.3 அங்குலம் என்று போட்டிருப்பார்களே, அதுவும் இதே கதை. கணக்குப்படி 11 மி.மீ. வர வேண்டும், இருப்பது 7.7 மி.மீ. வீட்டுக்கு அளவு சொல்லச் சொன்னால் காம்பவுண்டுச் சுவரின் நீளத்தைச் சொல்வது மாதிரி.

பரப்பளவில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் உறைக்கும். ஓரங்குலம் எனப்படுவது 116 சதுர மி.மீ. அவன் வேண்டாமென்று விட்டது சுமார் 367 சதுர மி.மீ. மூன்று மடங்குக்கு மேல்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. கேமரா விவரக் குறிப்புகளில் பல இடங்களில் 'ஓர் அங்குலம்' என்று நேராகப் போடுவதில்லை. '1.0 வகை' என்று போட்டு, பக்கத்திலேயே 13.2 × 8.8 மி.மீ. என்றும் கொடுக்கிறார்கள். பேச்சிலும் விளம்பரத்திலும்தான் அங்குலம் ஆகிறது. நான் தமிழில் போட்டபோது அந்த 'வகை'யைத் தூக்கிவிட்டேன். 'ஓரங்குல உணரி' என்றால் ஓசை நன்றாக இருந்தது.

இதை யோசித்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. 'ஒன் இன்ச் சென்சார்' என்று இருந்திருந்தால் என் தம்பி அதை ஒரு பெயராக எடுத்துக்கொண்டு, "அது எவ்வளவுண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். புரியாத சொல்லுக்கு அந்த ஒரு நன்மை உண்டு, கேள்வி கேட்க வைக்கும். நான் அதைப் புரிகிற தமிழாக்கினேன். புரிந்த பிறகு யார் கேட்பார்கள்? ஆங்கிலத்தில் வெறும் லேபிளாக இருந்தது தமிழில் வந்ததும் வாக்குமூலம் ஆகிவிட்டது.

அதன்பின் அந்த 140 சொல்லையும் திரும்பப் படித்தேன். என் பட்டியலை நானே விமர்சனம் செய்வதாக நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முழுசை விடப் பெரிய நடுத்தரம்

'ஃபுல் ஃப்ரேம்' என்பதற்கு நான் போட்டது 'முழுச்சட்டகம்'. 36 × 24 மி.மீ. அளவுள்ள உணரி. இதில் என்ன முழுமை?

ஆஸ்கர் பர்னாக் என்ற ஜெர்மன் தொழில்நுட்பர், லைட்ஸ் நிறுவனத்தில் இருந்தவர், 35 மி.மீ. சினிமா ஃபிலிமைச் சின்ன ஸ்டில் கேமராவுக்குப் பயன்படுத்தினார். சினிமாவில் ஒரு ஃப்ரேம் 24 × 18 மி.மீ. அவர் ஃபிலிமைப் படுக்கவைத்து ஓடவிட்டு, இரண்டு சினிமா ஃப்ரேமின் இடத்தை ஒரு படத்துக்கு எடுத்துக்கொண்டார். அப்படி வந்ததுதான் 36 × 24. 1925இல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சினிமாக்காரர் கணக்கில் அது இரட்டை ஃப்ரேம். பெரிய ஃபிலிமில் எடுத்துப் பழகிய ஸ்டூடியோக்காரர் கண்ணுக்கு அது 'மினியேச்சர்', அதாவது பொடிசு. பின்னால் யாராவது பழைய சினிமா அளவிலேயே ஸ்டில் கேமரா செய்தால் அதற்கு 'அரை ஃப்ரேம்' என்று பெயர். ஒரே 36 × 24 இரட்டையாகவும் பொடிசாகவும் இருந்துவிட்டு, டிஜிட்டல் காலத்தில் 'முழுசு' ஆகியிருக்கிறது.

அதோடு முடியவில்லை. அதைவிடப் பெரிய உணரிகளும் கடையில் கிடைக்கின்றன. 44 × 33 மி.மீ. அவற்றுக்கு 'மீடியம் ஃபார்மட்' என்று பெயர். என் பட்டியலில் 'நடுத்தர வடிவம்'. ஆக, நடுத்தரம் முழுசை விடப் பெரிசு! ஹோட்டலில் ஃபுல் மீல்ஸ் கேட்டவனிடம் 'மீடியம் மீல்ஸ் இன்னும் ஜாஸ்தி சார்' என்று சொன்னால் எப்படி இருக்கும்?

ஏபிஎஸ்-சி இன்னும் வேடிக்கை. 1996இல் ஏபிஎஸ் என்று ஒரு புது ஃபிலிம் வந்தது. அதில் மூன்று அளவில் படம் எடுக்கலாம், அதில் ஒன்றுக்கு 'கிளாசிக்' என்று பெயர். அந்தக் 'கிளாசிக்'தான் 'சி'. ஃபிலிம் சந்தையை விட்டே போய்விட்டது. ஆனால் அந்தப் படத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்த அளவில் உணரி செய்தவர்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இதற்கு நான் தமிழாக்கம் செய்யவில்லை, எழுத்தைப் பெயர்த்ததோடு விட்டுவிட்டேன். அதனால்தான் என் தம்பி அதை வைத்து ஏமாறவில்லை. அளவு என்ன என்று தேடிப் போய் 23.5 என்பதைக் கண்டுபிடித்தான். புரியாத சொல் அவனை அளவுகோலிடம் அனுப்பியது. என் தமிழ்ச் சொல் அனுப்பவில்லை.

வேக வில்லை

'ஃபாஸ்ட் லென்ஸ்' என்பதற்கு 'வேக வில்லை' என்று எழுதியிருக்கிறேன். படிக்கிறவர் என்ன நினைப்பார்? சட்டென்று ஃபோகஸ் ஆகும் லென்ஸ், ஓடுகிற பிள்ளையைப் பிடிக்கும் லென்ஸ். உண்மையில் அந்த லென்ஸ் எதையும் வேகமாகச் செய்வதில்லை. அதன் திறப்பு பெரிது, வெளிச்சம் நிறைய உள்ளே வரும், அதனால் ஷட்டரைச் சீக்கிரம் மூடிவிடலாம். வேகம் ஷட்டருக்கு, பட்டம் லென்ஸுக்கு.

இது ஆங்கிலத்தின் கோணல். ஜெர்மன்காரர்கள் அதே லென்ஸை 'லிஷ்ட்ஷ்டார்க்' என்கிறார்கள், ஒளி வலுவுள்ளது என்று பொருள். பார்த்ததும் விஷயம் தெரிந்துவிடுகிறது. நான் பொருளைப் பார்த்துப் பெயர் வைத்திருந்தால் ஜெர்மன் தெரியாமலேயே அங்கே போய்ச் சேர்ந்திருப்பேன். ஆங்கிலச் சொல்லைப் பார்த்து வைத்ததால் அதன் கோணலையும் சேர்த்து இறக்குமதி செய்திருக்கிறேன்.

'மிரர்லெஸ்' கேமராவுக்கு 'ஆடியில்லாக் கேமரா'. இதை அனுப்பியபோது தம்பி, "ஆடித் தள்ளுபடியில கிடைக்காதாண்ணே?" என்று கேட்டான். கிண்டல்தான். ஆனால் சொல்லின் குறை கிண்டலை விடப் பெரிது. கண்ணாடி இல்லாத கேமரா என்றால் என் பாக்கெட்டில் இருக்கும் போனும்தான், தாத்தா காலத்துப் பெட்டிக் கேமராவும்தான். எஸ்எல்ஆரில் இருந்த கண்ணாடியை எடுத்துவிட்டார்கள் என்பது அதை ஏற்கெனவே வைத்திருந்தவருக்கு மட்டும் செய்தி. புதிதாக வாங்க வருகிறவருக்கு, இல்லாத ஒன்றின் பெயரால் ஒரு பொருளைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

போனுக்குள் 24 மி.மீ.

பள்ளியில் படித்த 'குவியத் தொலைவு' நல்ல சொல். இயற்பியலில் அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் போன் விளம்பரத்தில் 'மெயின் கேமரா 24 மி.மீ.' என்று வரும்போது, அதை 'குவியத் தொலைவு 24 மி.மீ.' என்று எழுதினால் அது பொய். போனின் தடிமனே 8 மி.மீ. சுமார்தான். அதற்குள் இருக்கும் மெயின் லென்ஸின் உண்மையான குவியத் தொலைவு 10 மி.மீ.க்கும் குறைவு. 24 என்பது 'முழுச்சட்டக'க் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் போட்டால் எவ்வளவு அகலமாகத் தெரியுமோ அவ்வளவு தெரியும் என்பதற்கான ஒப்பீடு. மூலைக்கு மூலை சுமார் 84 டிகிரி. 50 மி.மீ. என்றால் 47 டிகிரி, 200 என்றால் 12.

அப்படியானால் டிகிரியிலேயே சொல்லலாமே? 84 டிகிரிப் பார்வை, 12 டிகிரிப் பார்வை. லைக்காவையே கண்ணால் பார்க்காத ஒருவர் ஏன் அதன் கணக்கில் தன் போனை அளக்க வேண்டும்? பழகியவர்களுக்கு வசதி, அவ்வளவுதான் காரணம்.

'ஜூம் 5 மடங்கு' என்பதும் இப்படித்தான். கேமரா லென்ஸில் அதன் பொருள் நீளத்தைக் குட்டையால் வகுத்தது. 24இலிருந்து 120 வரை போனால் 5 மடங்கு. போனில் பெரும்பாலும் அதன் பொருள் வேறு: நகராத இன்னொரு லென்ஸ், மெயின் கேமராவை விட ஐந்து மடங்கு நெருக்கமாகக் காட்டுவது. நடுவில் 3 மடங்கு கேட்டால், அதற்குத் தனி லென்ஸ் இல்லாத போன், இருக்கும் படத்தை வெட்டிப் பெரிதாக்கித் தரும். இரண்டையும் நான் 'உருப்பெருக்க மடங்கு' என்று ஒரே சொல்லில் அடைத்திருந்தேன்.

அரை, கால், அரைக்கால்

குறையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பட்டியலைத் திருத்தும்போது நல்லதும் ஒன்று கிடைத்தது.

ஃபோட்டோகிராஃபி படிக்க வருகிற எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் எஃப் எண். எஃப் 2 பெரிய திறப்பு, எஃப் 16 சின்னத் திறப்பு. எண் ஏற ஏறத் திறப்பு இறங்கும். இதற்கு நான் போட்ட சொல் 'குவிய விகித எண்'. எழுதிய எனக்கே இப்போது வாய் வரவில்லை.

அந்த எண் உண்மையில் ஒரு பின்னத்தின் கீழ்ப்பாதி. குவியத் தொலைவை அதால் வகுத்தால் திறப்பின் விட்டம் வரும். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் 25 மி.மீ. எஃப் 16 என்றால் 3 மி.மீ. சொச்சம். பின்னமாகப் பார்த்துவிட்டால் குழப்பமே கிடையாது. அப்புறம் நம்மிடம் பின்னத்துக்கா பஞ்சம்?

எஃப் 2 அரை. எஃப் 4 கால். எஃப் 8 அரைக்கால். எஃப் 16 வீசம், மாகாணி என்றும் சொல்வார்கள்.

'அரைத் திறப்பு', 'கால் திறப்பு', 'அரைக்கால் திறப்பு', 'வீசத் திறப்பு'. அரைக்காலை விடக் கால் பெரிது என்று காய்கறி வாங்கப் போன எவருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விட்டம் பாதியானால் பரப்பு நாலில் ஒன்று. ஆகவே அரையிலிருந்து காலுக்கு வந்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும் என்பதும் கூடவே வந்துவிடுகிறது. எல்லா எண்ணுக்கும் இது உதவாது. 2.8க்கும் 5.6க்கும் நம் வாய்ப்பாட்டில் பெயர் இல்லை, அவற்றை எண்ணாகத்தான் சொல்ல வேண்டும். வீசமும் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் அரை, கால், அரைக்கால் மூன்றைப் பிடித்துக்கொண்டால் எண்ணின் திசை இனி மாறிப்போகாது. இதில் நான் புதிதாக உண்டாக்கியது எதுவும் இல்லை.

இப்படி யோசிக்க ஆரம்பித்ததும் ஸ்டூடியோப் பேச்சு ஞாபகம் வந்தது. ஃபிலிம் காலத்தில் 'உருத்துலக்கல்' என்று யாரும் சொன்னதில்லை. "ஃபிலிம் கழுவக் குடுத்திருக்கேன்" என்பார்கள். மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்து அலசுவதற்குக் கழுவுவதை விட வேறென்ன சொல் வேண்டும்? படம் 'நல்லா விழுந்திருக்கு'. வெளிச்சம் கூடினால் 'வெளிறிப்போச்சு'. குறைந்தால் 'இருட்டடிச்சிருச்சு'. கை நடுங்கினால் 'ஆடிப்போச்சு'. பின்னணி தெளிவில்லாவிட்டால் 'கலங்கலா இருக்கு'. என் பட்டியலில் இவற்றுக்கு முறையே மிகை ஒளியேற்பு, குறை ஒளியேற்பு, அசைவு மங்கல், புலத்தெளிவின்மை என்று இருக்கிறது. என் தம்பி தினமும் பேசுகிற மொழியைத் தூக்கிப் போட்டுவிட்டு அவனுக்கே தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

'போக்கே' என்ற சொல்லை எல்லோரும் பெரிய விஷயமாகச் சொல்வார்கள். லென்ஸ் தரும் கலங்கலின் அழகைக் குறிப்பது. அது ஜப்பானிய மொழியில் மங்கல், கலங்கல் என்பதற்கான சாதாரணச் சொல். 1997இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை அதை எடுத்து, ஆங்கிலக்காரர் தப்பாக உச்சரித்துவிடக் கூடாதே என்று கடைசியில் ஓர் எழுத்தையும் சேர்த்து அச்சிட்டது. அங்கிருந்துதான் உலகம் சுற்றியது. ஜப்பான்காரர் தன் வீட்டுச் சொல்லை எடுத்தார். நாம் அதைக் கலைச்சொல்லாக வாங்கி, அதற்கு எதிர்ச்சொல் தேடி 'பின்புல மென்மங்கல்' என்று எழுதுகிறோம். 'கலங்கல்' நம் வீட்டிலேயே இருக்கிறது.

அப்படியானால் தமிழ் வேண்டாமா?

இந்தக் கேள்வி வரும். என் எண்ணம் நேர்மாறானது. தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லை விடக் கூடுதல் கவனத்தோடு வர வேண்டும், ஏனென்றால் அதைப் படிக்கிறவர் நம்பிவிடுகிறார். பெயர்க்கும் முன் அந்த ஆங்கிலச் சொல் பொருளைச் சொல்கிறதா, விற்கிறவரின் வசதியைச் சொல்கிறதா, செத்துப்போன ஏதோ ஒரு குழாயைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் வகை என்றால் தாராளமாகத் தமிழாக்கலாம். மற்ற இரண்டையும் பெயர்க்கக் கூடாது. பொருளுக்கு நேராகப் புதுப் பெயர் வைக்கலாம், இல்லையென்றால் ஆங்கில லேபிளை லேபிளாகவே தமிழ் எழுத்தில் விட்டுவிட்டுப் பக்கத்தில் மில்லிமீட்டரைப் போடலாம்.

பட்டியலில் இப்போது 58 சொற்கள்தான் மிச்சம். மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: 'அளந்தால் எவ்வளவு?' ஓரங்குல உணரி போய்விட்டது. அந்த இடத்தில் '13 × 9 உணரி' என்று இருக்கிறது. முழுச்சட்டகமும் இல்லை, '36 × 24 உணரி'. கவித்துவம் போதாது என்று ஒரு நண்பர் குறைப்பட்டார். இருக்கட்டும்.

அந்தக் கேமராவில் தம்பி மூன்று கல்யாணம் எடுத்தான். பகலில் முகூர்த்தப் படங்கள் சுமாராக விழுந்தன. ராத்திரி வரவேற்பு, மேடையிலிருந்து தூரத்தில் நின்று ஜூமை நீட்டி எடுத்தது, புள்ளி புள்ளியாக வந்துவிட்டது. மூன்றாவது கல்யாணத்தில் பெண் வீட்டார் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அவனிடம் பழைய கேமராவின் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஒன்று சும்மா கிடந்தது. அந்த இன்னொரு கேமராவை வாங்கியிருந்தால் அதிலேயே மாட்டியிருக்கலாம். கடைசியில் இதை 29,000க்கு விற்றான். சங்கிலி இன்னும் அடகிலிருந்து வரவில்லை. குறைந்த 13,000இல் ஒரு பங்கை நான் தருகிறேன் என்றதற்கு, "அதெல்லாம் வேண்டாம்ணே, அடுத்த தடவ லிஸ்ட்ட அனுப்புறதுக்கு முன்னாடி ஸ்கேல வச்சுப் பாத்துருங்க" என்றான்.

புதுப் பட்டியலை முதலில் அவனுக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். 12வது சொல் தனக்குப் புரியவில்லை என்று நேற்று பதில் போட்டிருக்கிறான்.